ஒரு தொழிற்சாலை உண்மையிலேயே ஒழுங்கா நடக்குதா? இ.எஸ்.ஜி அறிக்கையை நாமே படிச்சுப் பார்ப்பது எப்படி?

2023 டிசம்பர் 26. மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அன்று நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் பகுதியில் திடீரென மூக்கைத் துளைக்கும் நெடி. கண் எரிச்சல், மூச்சுத்திணறல். தூக்கத்தில் இருந்த மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கோரமண்டல் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் உர ஆலைக்குக் கப்பலில் இருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டதுதான் காரணம். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இந்த விவகாரத்தைத் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது.

இப்படி ஒரு சம்பவம் நடந்த மறுநாள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "இதையெல்லாம் யாருமே கண்காணிக்கலையா?"

கண்காணிக்க ஏற்பாடு இருக்கிறது. அதில் ஒரு பகுதி, செல்போன் வைத்திருக்கும் யாரும் பார்க்கக்கூடிய இடத்திலேயே இருக்கிறது. எந்த அறிக்கையும் விபத்து நடக்கப்போகும் தேதியைச் சொல்லாது. ஆனால் ஒரு நிறுவனம் தன் தொழிலாளர்களையும் தண்ணீரையும் காற்றையும் எப்படி நடத்துகிறது என்பதை ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். அதற்குப் பெயர்தான் இ.எஸ்.ஜி அறிக்கை. அதை எப்படிப் படிப்பது, எங்கெல்லாம் ஏமாறாமல் இருக்க வேண்டும் என்று பார்க்கலாம்.

இ.எஸ்.ஜி என்றால் என்ன?

என்விரான்மென்ட், சோஷியல், கவர்னன்ஸ். தமிழில் சொன்னால் சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம். 2004-ல் ஐ.நா. குளோபல் காம்பாக்ட் முன்னெடுத்த ஓர் அறிக்கையில் இருந்துதான் இந்தச் சொல் பரவலானது.

கணக்கு ரொம்ப எளிது. ஒரு நிறுவனத்தின் லாபம் எவ்வளவு என்பதைப் பார்க்க பேலன்ஸ் ஷீட் இருக்கிறது. அந்த லாபம் எப்படி வந்தது என்பதைப் பார்க்க? எவ்வளவு புகை விட்டார்கள், எவ்வளவு நிலத்தடி நீர் எடுத்தார்கள், எத்தனை பேருக்கு அடிபட்டது, சப்ளையருக்கு எத்தனை நாளில் பணம் கொடுத்தார்கள் என்பதைச் சொல்வதுதான் இ.எஸ்.ஜி.

ஐ.டி. கம்பெனியை விட, வங்கியை விட, உற்பத்தித் தொழிலுக்கு இது முக்கியம். காரணம், அங்கேதான் கொதிகலன் இருக்கிறது, ரசாயனம் இருக்கிறது, கழிவுநீர்க் குழாய் இருக்கிறது, ஷிப்ட்டில் நிற்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

யார் இந்த அறிக்கையைக் கொடுத்தே ஆக வேண்டும்?

இந்தியாவில் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பு செபி. 2012-ல் முதல் 100 பெரிய நிறுவனங்கள் ஒரு பொறுப்பு அறிக்கை தர வேண்டும் என்று அது ஆரம்பித்தது. பிறகு அந்த எண்ணிக்கை 500 ஆகி, 1,000 ஆனது. 2021 மே மாதம் அந்த அறிக்கையின் வடிவத்தையே செபி மாற்றியது. அதன் பெயர் பி.ஆர்.எஸ்.ஆர். அதாவது, வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை.

சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் இருக்கும் பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு, 2022-23 நிதியாண்டு முதல் இது கட்டாயம். பழைய அறிக்கையில் "நாங்கள் இயற்கையை நேசிக்கிறோம்" என்று நாலு பத்தி எழுதித் தப்பித்துவிடலாம். புதிய வடிவத்தில் எண் கேட்கிறார்கள். மின்சாரம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, கழிவு எத்தனை டன், எத்தனை விபத்து என்று கட்டம் போட்டுக் கேட்கிறார்கள். போன வருட எண்ணையும் பக்கத்திலேயே போட வேண்டும்.

எங்கே கிடைக்கும்?

நிறுவனத்தின் இணையதளத்தில் முதலீட்டாளர் பகுதிக்குப் போனால் ஆண்டறிக்கை இருக்கும். அதோடு சேர்ந்தோ தனியாகவோ பி.ஆர்.எஸ்.ஆர். இருக்கும். மும்பை பங்குச்சந்தை, தேசிய பங்குச்சந்தை ஆகிய இரண்டின் இணையதளத்திலும் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடி எடுக்கலாம். காசு கிடையாது. பங்கு வைத்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

மூன்று பாகங்கள் இருக்கும். முதல் பாகம் நிறுவனம் பற்றிய பொதுத் தகவல். இரண்டாவது, கொள்கைகள். மூன்றாவது பாகம் ஒன்பது கோட்பாடுகளின் கீழ் எண்கள். நேரம் இல்லாதவர்கள் நேராக மூன்றாவது பாகத்துக்குப் போய்விடலாம். உண்மையான விஷயம் அங்கேதான் இருக்கிறது.

புகை குறைஞ்சுதா, இல்ல கணக்கு மாறிச்சா?

சுற்றுச்சூழல் பகுதியில் முதலில் பார்க்க வேண்டியது பசுமை இல்ல வாயு வெளியேற்றம். இதை ஸ்கோப் 1, ஸ்கோப் 2 என்று பிரித்திருப்பார்கள். ஆலைக்குள்ளேயே நிலக்கரி, டீசல், எரிவாயு எரித்து வரும் புகை ஸ்கோப் 1. வெளியில் இருந்து வாங்கும் மின்சாரத்துக்காக வேறெங்கோ அனல்மின் நிலையத்தில் வரும் புகை ஸ்கோப் 2. மூலப்பொருள், போக்குவரத்து, விற்ற பொருளைப் பயன்படுத்துவது என்று மற்றதெல்லாம் ஸ்கோப் 3. முதல் இரண்டும் கட்டாயம், மூன்றாவது விருப்பம்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இருக்கிறது. "ஒரு ரூபாய் விற்றுமுதலுக்கு எவ்வளவு புகை" என்று ஒரு விகிதம் போட்டிருப்பார்கள். விளம்பரத்தில் வருவதும் பெரும்பாலும் இந்த எண்தான்.

ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். ஒரு இரும்பு ஆலை முதல் ஆண்டில் 1 லட்சம் டன் இரும்பு தயாரிக்கிறது. விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய். வெளியேற்றம் 1 லட்சம் டன். அதாவது, கோடி ரூபாய்க்கு 100 டன்.

அடுத்த ஆண்டு இரும்பு விலை ஏறிவிடுகிறது. உற்பத்தி 1.1 லட்சம் டன், விற்றுமுதல் 1,300 கோடி, வெளியேற்றம் 1.15 லட்சம் டன். இப்போது கோடி ரூபாய்க்குச் சுமார் 88 டன்தான். "வெளியேற்றத்தை 11 சதவீதத்துக்கு மேல் குறைத்தோம்" என்று நிறுவனம் சொல்லலாம். அது பொய்க் கணக்கு இல்லை. ஆனால் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு 15 சதவீதம் கூடுதல் புகை. ஒரு டன் இரும்புக்கு வரும் புகையும் 1 டன்னில் இருந்து சுமார் 1.05 டன்னாகக் கூடியிருக்கிறது. குறைந்தது புகை இல்லை. ஏறியது விலை.

அதனால் மூன்று எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மொத்த வெளியேற்றம், ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு, ஒரு ரூபாய்க்கு எவ்வளவு. மூன்றும் இறங்கினால் நிஜமான முன்னேற்றம். டன் கணக்கு இறங்கி மொத்தம் ஏறினால், ஆலை திறமையாகிறது, ஆனால் பெரிதாகிறது. ரூபாய்க் கணக்கு மட்டும் இறங்கினால் உஷாராகிவிட வேண்டும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது, எங்கே போனது?

தண்ணீர்ப் பட்டியலில் ஆறு, நிலத்தடி நீர், கடல்நீர், லாரித் தண்ணீர் போல வெளியார் தருவது என்று மூலம் வாரியாகப் பிரித்திருப்பார்கள். எடுத்த அளவு ஒன்று, செலவான அளவு இன்னொன்று. நிலத்தடி நீர் எண் வருடா வருடம் ஏறுகிறதா என்று பாருங்கள்.

கழிவுநீரை வெளியே விடாமல் முழுவதும் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்களா என்ற கேள்வியும் அதில் உண்டு. தமிழ்நாட்டுக்கு இது புதிய கதை இல்லை. நொய்யல் ஆறு சாயக்கழிவால் பாழானதைத் தொடர்ந்து, கழிவுநீரை அறவே வெளியேற்றாத நிலையை எட்டாத திருப்பூர் சாய ஆலைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரே நாளில் ஒரு ஊரின் தொழிலே நின்றுபோனது. பாதிக்கப்பட்டவர்களில் விவசாயிகளும் இருந்தார்கள், வேலை இழந்த தொழிலாளர்களும் இருந்தார்கள். தண்ணீர்க் கணக்கை முன்னாடியே ஒழுங்காகப் பார்க்காவிட்டால் கடைசியில் யார் தலையில் விடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

எத்தனை பேருக்கு அடிபட்டது?

சமூகம் என்ற பகுதியில் முதலில் தேட வேண்டியது விபத்துக் கணக்கு. வேலைக்குத் திரும்ப முடியாத அளவுக்கு அடிபட்ட சம்பவங்களை, 10 லட்சம் மனித வேலை நேரத்துக்கு எத்தனை என்று கணக்கிடுவார்கள். 2,000 பேர் ஆளுக்கு ஆண்டுக்கு 2,400 மணி நேரம் வேலை செய்தால் மொத்தம் 48 லட்சம் மணி நேரம். 12 பேருக்கு அடிபட்டிருந்தால் விகிதம் 2.5.

இதில் இரண்டு விஷயம் கவனிக்கணும். ஒன்று, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்தார்களா? ஆபத்தான வேலைகளில் அவர்கள்தான் அதிகம் நிற்பது வழக்கம். அவர்களை விட்டுவிட்டால் விகிதம் அழகாகத்தான் தெரியும். முதல் பாகத்தில் நிரந்தரத் தொழிலாளர் எத்தனை, நிரந்தரம் அல்லாதவர் எத்தனை என்ற பட்டியல் இருக்கும். அதையும் விபத்துப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டு, பூஜ்யம். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் கனரக ஆலையில் மூன்று வருடமும் ஒரு சிறு காயம்கூட இல்லை என்றால், அது அபாரமான பாதுகாப்பாக இருக்கலாம். பதிவே செய்யாமலும் இருக்கலாம். உள்ளூர்ச் செய்திகளை ஒருமுறை தேடிப் பார்த்தாலே சில நேரம் விடை கிடைத்துவிடும்.

சம்பளப் பட்டியலும் முக்கியம். குறைந்தபட்சக் கூலிக்குச் சமமாக வாங்குவோர் எத்தனை சதவீதம், அதைவிடக் கூடுதலாக வாங்குவோர் எத்தனை சதவீதம் என்று ஆண், பெண், நிரந்தரம், நிரந்தரம் அல்லாதவர் எனப் பிரித்திருப்பார்கள். மொத்தச் சம்பளத்தில் பெண்களுக்குப் போனது எவ்வளவு, பாலியல் தொல்லைப் புகார்கள் எத்தனை என்ற எண்களும் உண்டு. புகார் எண்ணிக்கை பூஜ்யமாக இருப்பதே நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. புகார் கொடுக்கப் பயம் இல்லாத இடத்தில்தான் புகாரும் வரும்.

சின்னப் பட்டறைக்குப் பணம் எப்போ போகுது?

நிர்வாகம் என்றாலே இயக்குநர் குழு, தணிக்கை என்று பெரிய பெரிய வார்த்தைகள் வரும். சாதாரண மனிதருக்குப் புரியும் எண் ஒன்று அதில் இருக்கிறது. வாங்கிய சரக்குக்குப் பணம் கொடுக்க நிறுவனம் சராசரியாக எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறது என்பதே அது.

2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது. உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் கோவை லேத் பட்டறைக்காரருக்கு, இ.எஸ்.ஜி என்பதே இந்த ஒரு எண்தான். சராசரியில் பெரிய சப்ளையர்களும் கலந்திருப்பார்கள். ஆனாலும் 60 நாள் 90 நாளாகி, 120 நாளானால் யாரோ கடன் வாங்கிக் கூலி கொடுக்கிறார்கள் என்று அர்த்தம்.

அதோடு, அந்த ஆண்டில் கட்டிய அபராதங்கள், சுற்றுச்சூழல் சட்ட மீறல்கள் பற்றிய கேள்வியும் இருக்கும். "இல்லை" என்று இருந்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பசுமைத் தீர்ப்பாயம் தொடர்பான செய்திகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் அவங்களே சொல்றதுதானே?

சரியான சந்தேகம். பி.ஆர்.எஸ்.ஆர். என்பது நிறுவனம் தன்னைப் பற்றித் தானே எழுதுவது. அதனால்தான் 2023 ஜூலையில் செபி, பி.ஆர்.எஸ்.ஆர். கோர் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. வெளியேற்றம், தண்ணீர், ஆற்றல், கழிவு, பாதுகாப்பு, பெண்கள் பங்கு என ஒன்பது தலைப்புகளில் இருக்கும் முக்கிய எண்களை மட்டும் வெளியார் ஒருவர் சரிபார்த்துச் சான்று தர வேண்டும். 2023-24-ல் முதல் 150 நிறுவனங்களுக்குத் தொடங்கி, அடுத்த ஆண்டு 250, பிறகு 500, 2026-27-ல் 1,000 என்று படிப்படியாக விரிவாக்கத் திட்டமிடப்பட்டது.

அறிக்கையின் முன்னாலோ கடைசியிலோ அந்தச் சான்று இருக்கும். எந்த எண்கள் சரிபார்க்கப்பட்டன, எந்தெந்த ஆலைகள் கணக்கில் வந்தன என்று அதில் எழுதியிருப்பார்கள். சான்று இல்லாத எண்ணுக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

ரேட்டிங் நல்லா இருந்தா போதாதா?

போதாது. இதற்கு உலகமே பார்த்த உதாரணம் உண்டு. 2015 செப்டம்பரில் டவ் ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீடு, கார் தயாரிப்புத் துறையில் முதலிடம் கொடுத்தது ஃபோக்ஸ்வேகனுக்கு. அதே மாதம் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு மோசடியை வெளியே கொண்டுவந்தது. சோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை டீசல் கார்களில் அந்த நிறுவனம் வைத்திருந்தது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்களில் அது இருந்தது. அடுத்த மாதமே குறியீட்டில் இருந்து ஃபோக்ஸ்வேகன் நீக்கப்பட்டது.

இன்னொரு சிக்கல், ரேட்டிங் கொடுப்பவர்களே ஒத்துப்போவதில்லை. ஆறு பெரிய ரேட்டிங் நிறுவனங்களை ஒப்பிட்டு, எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வு வெளிவந்தது. முழுதாக ஒத்துப்போனால் 1 என்று வைத்தால், இவர்கள் ஒத்துப்போனது சராசரியாக 0.54 மட்டுமே. ஒருவர் தண்ணீருக்கு அதிக மதிப்பெண் கொடுப்பார், இன்னொருவர் நிர்வாகத்துக்கு. ஒரே கம்பெனி ஒருவரிடம் ஃபர்ஸ்ட் கிளாஸ், இன்னொருவரிடம் பார்டர் பாஸ். ரேட்டிங்கை ஒரு கருத்தாக எடுத்துக்கொள்ளலாம். தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பட்டியலிலேயே இல்லாத கம்பெனின்னா?

பி.ஆர்.எஸ்.ஆர். கட்டாயம் என்பது பங்குச்சந்தையில் பட்டியலிட்ட முதல் 1,000 நிறுவனங்களுக்குத்தான். அதற்கு வெளியே எத்தனையோ ஆலைகள் இருக்கின்றன.

2021 டிசம்பரில் நடந்ததை நினைவுபடுத்திப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு ஒவ்வாமை. 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் இறங்கினார்கள். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. விடுதியும் உணவுக்கூடமும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஒப்புக்கொண்ட ஆப்பிள், அந்த ஆலையைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. பிரச்சினையை உலகத்துக்குச் சொன்னது எந்த அறிக்கையும் இல்லை, சாலையில் உட்கார்ந்த அந்தப் பெண்கள்தான்.

சப்ளையர் ஆலைகளின் எண்களையும் பெரிய நிறுவனங்கள் சொல்ல வேண்டும் என்று செபி திட்டமிட்டது. ஆனால் பிறகு அது தள்ளிப்போடப்பட்டு, முதல் 250 நிறுவனங்களுக்கு விருப்பத்தின் பேரில் என்று தளர்த்தப்பட்டது. ஆக, இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருக்கும் தொழிலாளியின் நிலைமை இன்னும் பெரும்பாலும் மறைவில்தான் இருக்கிறது.

அறிக்கைக்கு வெளியே எங்கே தேடலாம்?

பட்டியலிட்ட நிறுவனமோ இல்லையோ, சில ஆவணங்கள் அரசிடம் இருந்தே ஆக வேண்டும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில் இயங்கும் ஆலைகள், படிவம் 5 எனப்படும் சுற்றுச்சூழல் அறிக்கையை ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 30-க்குள் வாரியத்திடம் தர வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஆலைகள், நிபந்தனைகளைக் கடைப்பிடிப்பது குறித்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். பி.ஆர்.எஸ்.ஆர். முழு நிறுவனத்துக்கும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும். இவையோ ஒவ்வோர் ஆலைக்கும் தனித்தனி. உங்கள் ஊர் ஆலையைப் பற்றித் தெரிய வேண்டும் என்றால் இவைதான் கைகொடுக்கும்.

இணையத்தில் கிடைக்காவிட்டால், 2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். "ஆலை மாசுபடுத்துகிறதா?" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். ஆலையின் பெயர், ஆண்டு, ஆவணத்தின் பெயர் மூன்றையும் குறிப்பிட்டு நகல் கேளுங்கள்.

பத்து நிமிடத்தில் என்ன பார்க்கலாம்?

நீங்கள் மாதம் ஆயிரம் ரூபாய் மியூச்சுவல் ஃபண்டில் போடுபவராக இருக்கலாம். அந்த ஆலையில் வேலைக்குச் சேரப்போகும் பையனின் அப்பாவாக இருக்கலாம். ஆலை மதில் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவராகவும் இருக்கலாம். ஒரே ஒரு வருட அறிக்கையைப் பார்க்காமல், கடைசி மூன்று வருட அறிக்கைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேப்பரில் ஐந்து எண்களை மட்டும் எழுதுங்கள். மொத்த வெளியேற்றம், நிலத்தடி நீர் எடுத்த அளவு, ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட விபத்தும் மரணமும், குறைந்தபட்சக் கூலிக்கு மேல் வாங்குவோர் சதவீதம், சப்ளையருக்குப் பணம் தர எடுக்கும் நாட்கள்.

மூன்று வருடத்தில் எந்த எண் மோசமாகிறதோ, அதைப் பற்றி அறிக்கை என்ன விளக்கம் சொல்கிறது என்று தேடுங்கள். எண் மோசமானாலும் காரணத்தை நேராகச் சொல்லும் நிறுவனம், சரிசெய்ய வாய்ப்பிருக்கிற நிறுவனம். எண்ணை விட்டுவிட்டு மரக்கன்று நட்ட போட்டோவை மட்டும் பெரிதாகப் போடுகிற நிறுவனத்திடம்தான் கேள்வி கேட்க வேண்டும்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரும் கேள்வி கேட்கலாம். புதிய ஆலைக்கோ விரிவாக்கத்துக்கோ நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில், பங்கே இல்லாத ஊர்க்காரரும் கேட்கலாம். அப்போது கையில் இந்த ஐந்து எண்கள் இருந்தால், "பார்த்துக்கறோம்" என்ற பதிலோடு திருப்பி அனுப்புவது கஷ்டம்.